மூன்றாம் தடத்தில் ஒரு பழுப்பு வட்டம்

புழுவைப் பார்த்தால் எனக்கு அருவருப்பு வராது. கோழி எருவை வெறும் கையால் அள்ளுவேன். மீன் குடலை ஊறவைத்த உரத்தை நான் கலக்கும்போது பக்கத்துத் தெருவே ஜன்னலைச் சாத்தும். நான் வாளிக்குப் பக்கத்தில் நின்றபடி சாண்ட்விச் தின்பேன். புல் வளர்க்கிறவளுக்கு இதெல்லாம் தொழில். எனக்குக் குமட்டுவது மனிதர்கள்தான். அந்தப் புதன்கிழமை காலையிலிருந்து மாலை வரை குமட்டிக்கொண்டே இருந்தது. குமட்ட வைத்தவர்களில் பாதிப் பேர் என் சொந்தக் குடும்பம்.

கூடவே வருகிறவர்களுக்கு இதுவரை நடந்தது தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலூரா கடற்கரையில் ஒரு பௌல்ஸ் கிளப் இருக்கிறது. வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு, கனமான பந்தைப் புல்லில் உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைக் குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற ஆட்டம். அங்கே தரையைப் பார்த்துக்கொள்வது நான், ரெய்லீன். அந்தத் தரையிலேயே பாதி ஆயுளைக் கழித்த என் அப்பா மெர்வ், ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தார். சாம்பலைக் கடலில் விட வேண்டும் என்றான் தம்பி ரஸ். கண்ணைவிட்டு மறைய விடமாட்டேன் என்றாள் அம்மா பெரில். கடைசியில் அப்பா ஒரு சாடிக்குள் அம்மா வீட்டு டிவி அலமாரியில் உட்கார்ந்தார். இதற்கு நடுவே கிளப் தலைவர் நெவில் போகாக், புல்லை அடியோடு தோண்டி எறிந்துவிட்டுச் செயற்கைக் கார்பெட் விரிக்க வேண்டும் என்று கிளம்பியிருந்தார். அதற்குக் கமிட்டியில் ஓட்டெடுப்பு, இந்தப் புதன் மாலை. போன வாரம், தரையை நீளவாக்கில் பிரித்த ஆட்டத் தடங்களில் மூன்றாவதன் முனையில் அந்தப் பழுப்பு வட்டத்தை நான் பார்த்த இடத்தில் நிறுத்தினோம்.

எங்கள் தரையில் இருப்பது அருகம்புல், குட்டை ரகம். ஒரு நாணயத்தின் கனத்துக்கு வெட்டி வைத்திருப்போம். எங்கள் பக்கம் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். குளிர் வந்தால் அது தூங்கிவிடும். தரை முழுக்க வைக்கோல் நிறமாகிவிடும். அந்த மாதங்களில் உயிருள்ள புல் எது, செத்த புல் எது என்று கடவுளுக்கே தெரியாது. செப்டம்பர் வெயில் பட்டதும் பச்சை ஏறும். அக்டோபரில் தரை கண்ணைப் பறிக்கும். இந்த அக்டோபரிலும் பறித்தது, இரண்டு இடங்களைத் தவிர. மூன்றாம் தடத்தில் சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிய வட்டம். ஆறாம் தடத்தில், பெஞ்சுக்கு எதிரே, அதைவிடச் சின்னதாக இன்னொன்று.

நான் சும்மா இருக்கவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். புழு இருந்தால் மூச்சுமுட்டி மேலே வரும், ஒன்றும் வரவில்லை. பூஞ்சைக்கு மருந்து அடித்தேன். முள்சட்டத்தால் குத்திக் காற்று விட்டேன். வட்டம் அப்படியே கிடந்தது. சனிக்கிழமை மாவட்ட இறுதி ஆட்டம் வேறு எங்கள் தரையில்.

புதன் காலை அறுப்பு இயந்திரத்தை ஓட்டி முடித்து, கூடையில் விழுந்த புல்தூளைக் கொட்டிவிட்டுத் திரும்பினேன். தரையின் நடுவில் போகாக் நின்றுகொண்டிருந்தார், குதிகால் வைத்த தோல் ஷூவோடு. தட்டையான அடி இல்லாத காலணியோடு இந்தப் புல்லில் யாரும் ஏறக்கூடாது. குடித்துவிட்டு வருகிறவன்கூட ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான். தலைவருக்கு மட்டும் அது பொருந்தாது போலிருக்கிறது.

ஒரு கையில் சாசேஜ் ரோல். மறுகையில், இரண்டு மாதமாக அவர் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரியும் கார்பெட் மாதிரித் துண்டு. டயர் கடை நாற்றம் அடிக்கும் பச்சைத் துண்டு அது. தக்காளி சாஸ் விரலில் வழிந்தது. அந்த விரலைக் கார்பெட்டில் துடைத்தார். பிறகு கட்டைவிரலை நக்கி, துடைத்த இடத்தைத் தேய்த்து என்னிடம் நீட்டினார்.

"பாத்தியா? கறையே படியல."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மூன்றாம் தடத்தில் மண்டியிட்டு வட்டத்தைப் போனில் படம் எடுத்தார். ஆறாம் தடத்துக்கும் போய் எடுத்தார். திரும்பி வரும்போது குரலில் அப்படி ஒரு பரிவு.

"உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன் ரெய்லீன். புல்லுன்னா ஒரு நாள் சாகத்தான் செய்யும். அதான் சொல்றேன், சாகாத ஒண்ணைப் போட்டுருவோம்."

அப்பாவின் இறுதிச் சடங்கில் பேசிய அதே குரல். ரோலின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, குதிகால் பதியப் பதிய நடந்து போனார். அவர் போட்ட குழிகளை ஒவ்வொன்றாகக் கத்தி முனையால் தூக்கிவிட்டு, புல்லை வேரோடு உருவும் வெட்டுக்குழாயை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடத்துக்குப் போனேன். நோய் பிடித்த புல்லை வட்டம் வட்டமாகக் கெல்லி எடுத்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் வளர்த்து வைத்திருக்கும் நாற்றுப் பாத்தியிலிருந்து நல்ல புல்லை எடுத்து அடைக்க வேண்டும். நோயாக இருந்தால் பரவக்கூடாது என்று, கெல்லிய கட்டிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கிளப்பின் பெரிய குப்பைத் தொட்டியில் வீசினேன். திரும்பி வந்து கடைசிக் கட்டியை உருவினேன். அதன் அடியில் மண் வெளுத்திருந்தது.

எங்கள் தரைக்குப் பாய்வது ஆழ்குழாய்த் தண்ணீர். மழை தள்ளிப்போனால் கடல் உள்ளே ஏறி உப்புத் தட்டும். அதை அளக்கக் கருவி உண்டு. அதன் பேட்டரி எப்போதும் தீர்ந்திருக்கும். எங்களுக்கு நாக்கு இருக்கிறது. வேரடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்தால் சங்கதி தெரிந்துவிடும். இந்தக் கரையோரத்தில் புல் வளர்க்கிற அத்தனை பேரும் செய்கிற வேலை இது. யாரும் வெளியே சொல்வதில்லை.

வைத்தேன். உப்பு இருந்தது, நிறையவே. கூடவே மணல் இல்லாத ஏதோ ஒன்று பல்லில் நறநறத்தது. துப்பினேன். போகவில்லை. மறுபடி துப்பினேன்.

"துப்பாத," என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல். "அது உங்கப்பா."

அம்மா புதன்கிழமைப் பயிற்சி ஆட்டத்துக்கு வந்திருந்தாள். வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத கையுறை. தரையைச் சுற்றி ஓடும் பள்ளத்தில் நான் குனிந்து காலையில் தின்றதை எல்லாம் வெளியே எடுத்தேன். அப்பாவும் கொஞ்சம் அதில் வந்திருப்பார். அம்மா பொறுமையாக நின்றாள். முடிந்ததும் கைப்பையைத் திறந்து ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தாள்.

அவள் சொன்ன கதை இது. ஜூலையில் ஒரு நாள், எல்லோரும் பந்தயத்துக்கு வெளியூர் போயிருந்தபோது, காப்பி குடிக்கிற குவளையில் அப்பாவை ஒரு குவளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். பந்து உருட்ட அப்பா கால் வைக்கும் சின்னப் பாயை விரித்து நிற்கும் அந்த இடத்தில் கொட்டி, கையால் தடவிவிட்டு, மேலே தண்ணீரும் ஊற்றியிருக்கிறாள். தூங்கும் புல் என்பதால் என் கண்ணில் படவில்லை. மிச்ச அப்பா வீட்டில் சாடியில் பத்திரமாக இருக்கிறாராம்.

"சாம்பல்ல உப்பு இருக்கும்மா. வேரை எரிச்சிடும். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"உப்பா?" அம்மாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "டாக்டர் சொன்னதுலேர்ந்து அவருக்கு உப்பே போடலியே நான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கில் இன்னும் அந்த நறநறப்பு இருந்தது. அதே குவளையில்தான் அவள் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காப்பி தருகிறாள் என்பது வேறு அப்போது பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

அம்மா குழியை எட்டிப் பார்த்தாள். அங்கே இருந்த மண் எங்கே என்று கேட்டாள். குப்பையில் என்று சொன்னேன்.

அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு இஷ்டமில்லை. குப்பை வண்டி மத்தியானம் வந்துவிடும். அதற்குள் எடுத்தாக வேண்டும் என்றாள். கத்தவில்லை, அழவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் போய், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, காவல்காரி மாதிரி நின்றுவிட்டாள். நான் ரஸ்ஸுக்குப் போன் செய்தேன். நண்டு பிடிக்கிற படகிலிருந்து அப்படியே வந்தான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கிளப்பில் இறால் விருந்து. செவ்வாய் இரவு ஊரே உறித்துப் போட்ட இறால் தலையும் ஓடும் புதன் முற்பகல் வெயிலில் இரும்புத் தொட்டிக்குள் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூடியைத் தூக்கியதும் ரஸ் பின்வாங்கினான். நாள் முழுக்க அழுகின மீனை நண்டுக் கூண்டில் இரையாக வைக்கிறவன் அவன். நான் ஏறி உள்ளே இறங்கினேன். முழங்கால் வரை போயிற்று. என் மூட்டை ஏற்கெனவே கிழிந்து, கட்டிகள் பீர் நனைந்த காகிதத்துக்கும் மயோனைஸுக்கும் நடுவே சிதறிக் கிடந்தன. இறால் ஓட்டில் புழு நெளிந்தது. அன்று என்னிடம் ஒரு வேண்டாத பேச்சும் பேசாத உயிர்கள் அவைதான்.

"அந்த மூலையில இன்னொண்ணு இருக்கு பார்," என்று வெளியிலிருந்து அம்மா கைகாட்டினாள். கையுறை போட்ட கை.

"ரெய், போதும் விடு," என்றான் ரஸ். "பாதி மண்ணு, பாதி இறால். இதுல அப்பா எங்க இருக்காருன்னு யார் கண்டா."

"நீ இறங்கித் தேடு, இல்ல வாயை மூடு," என்றேன். அவன் வாயை மூடினான்.

கட்டிகளை ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்தோம். நான்கு லிட்டர் வனிலா டப்பா. எங்கள் ஊரில் ஆணி, பட்டன், மிச்சக் கறி எல்லாம் இதில்தான் இருக்கும், இப்போது அப்பாவும். மூடி அழுத்தியபோது விளிம்பில் ஒரு இறால் மீசை நீட்டிக்கொண்டு நின்றது. அம்மா அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நான் தொட்டியிலிருந்து இறங்கியபோது வால்மே டிராஸ்க் சோப்பும் துண்டும் கொண்டுவந்து நீட்டினாள். கிளப் செயலாளர். அப்பாவோடு ஜோடி ஆட்டத்தில் பல வருடம் ஆடியவள். இரண்டு பேரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் பார் சுவரில் தொங்குகிறது. ஏன் குப்பையில் இறங்கினாய் என்று அவள் கேட்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, என் முதுகில் ஒட்டியிருந்ததை எல்லாம் தானே வழித்துவிட்டாள். அன்று எனக்கு அருவருப்பு தராத ஒரே மனுஷி. அவள் உள்ளே போனதும் நான் அம்மாவிடம் கேட்டேன், ஆறாம் தடத்துக்கும் ஒரு குவளையா என்று.

"ஆறுக்கு நான் ஏன் போறேன்? அவர் தனியா ஆடுறது மூணுலதான். ஆறு ஜோடி ஆட்டத்துக்கு."

"அப்ப அங்க ஏன் புல்லு செத்திருக்கு?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் ரஸ்ஸைப் பார்த்தேன். அவன் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். சாவி அவன் கையிலேயே இருந்தது. நண்டு வெயிலில் கிடக்கிறது, போகணும் என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். அப்போது எனக்கு இருந்த நாற்றத்தில் மூளை வேலை செய்யவில்லை.

மத்தியானம் முழுக்க மூன்றாம் தடத்தில் உட்கார்ந்தேன். குழியின் மண்ணை இன்னும் ஆழமாகத் தோண்டி, நல்ல தண்ணீர் விட்டு உப்பை இறக்கி, புது மணல் போட்டு, நாற்றுப் பாத்தியிலிருந்து கெல்லி வந்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். தோண்டிய மண்ணையும் வாளியோடு அம்மாவிடமே கொடுத்தேன். அது தனியாகக் கொட்டகையில் இருந்தது. பலகை வைத்து மிதித்து மட்டம் பார்த்தேன். கூர்ந்து பார்த்தால் ஒட்டு தெரியும். சனிக்கிழமைக்குள் வேர் பிடிக்காது, ஆனால் பந்து உருளும். அருகம்புல் நன்றி கெட்டதில்லை. வெயிலும் தண்ணீரும் கொடுத்தால் எட்டிப் பக்கத்துப் புல்லைப் பிடித்துக்கொள்ளும்.

ஆறாம் தடத்துக்கும் வெட்டுக்குழாயைத் தூக்கிக்கொண்டு போனேன். பெஞ்சில் வால்மே உட்கார்ந்து நிறுத்தாமல் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இதை விட்டுடேன் ரெய்லீன். சின்னதுதானே," என்றாள்.

நேரமும் இல்லை. விட்டுவிட்டேன்.

கமிட்டிக்கு முன்னால் அம்மா என்னைக் கொட்டகைக்குள் இழுத்தாள். விஷயம் அவளுக்கு இப்போதுதான் முழுசாக உறைத்திருந்தது. கார்பெட் என்று முடிவானால் தோண்டும் இயந்திரம் வரும். முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வழித்து லாரியில் ஏற்றிக் குப்பை மேட்டில் கொட்டுவார்கள். மூன்றாம் தடத்தில் நான் எடுக்காமல் விட்ட அப்பா அதோடு போய்விடுவார். அவர் எங்கேயும் போகக்கூடாது என்றாள். கமிட்டியில் புல்லுக்கு மூன்று பேர், கார்பெட்டுக்கு மூன்று பேர் என்பது ஊரறிந்த கதை. ஏழாவது ஓட்டு மகளிர் பிரிவுத் தலைவி பெரிலுடையது, அதாவது அம்மாவுடையது. அது புல்லுக்குத்தான் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த வட்டம் எப்படி வந்துச்சுன்னு நெவில் கேப்பான். நான்னு சொல்லிடாத."

"பின்ன யாருன்னு சொல்ல?"

"ஆயுள் உறுப்பினர் பலகைல என் பேரு இருக்கு ரெய்லீன். உன் பேரு இல்லியே."

ஐம்பத்திரண்டு வயதில், இறால் நாற்றம் போகாத தலைமுடியோடு, பெற்ற தாயைப் பார்த்துக் குமட்டினால் அது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் தலையாட்டினேன். என் வேலை போனாலும் புல் இருக்கும். அப்பாவும் இருப்பார். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

கமிட்டி அறையில் மேசை நடுவே அந்தப் பச்சைத் துண்டு. சாஸ் கறை படியவே செய்திருந்தது. போகாக் தன் போன் படங்களைச் சுவர்த் திரையில் காட்டினார். திரையில் பார்த்தபோது இரண்டு வட்டமும் பெரிய புண் போல இருந்தன. உறுப்பினர்கள் உச்சுக்கொட்டினார்கள். கதவோரம் ரஸ் வந்து நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போகாக் நேராகக் கேட்டார். இது எப்படி வந்தது, நாளைக்குத் தரை முழுக்க வராது என்று என்ன உத்தரவாதம்?

நான் எழுந்து நின்றேன். உரம் கலக்கும்போது பை கிழிந்து இரண்டு இடத்தில் கொட்டிவிட்டது, என் கவனக்குறைவு, இது நோயில்லை, பரவாது என்றேன். இருபது வருடத்தில் ஒரு பை உரம்கூட நான் சிந்தியதில்லை என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அம்மா டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

போகாக் வருத்தப்பட்டார். அப்படியானால் புல்லோ கார்பெட்டோ, ரெய்லீனை வேலையில் வைத்துக்கொள்வதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும் என்றார்.

"அவ பொய் சொல்றா."

சொன்னது வால்மே. குறிப்பெழுதும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"மூணாம் தடம் எனக்குத் தெரியாது. ஆறாம் தடத்துல இருக்கறது நான் போட்டது. மெர்வோட சாம்பல்ல கொஞ்சம். புல்லு சாகும்னு எனக்குத் தெரியல. என்னால அந்தப் பொண்ணுக்கு வேலை போகக்கூடாது."

அம்மா மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

வால்மே கதவைப் பார்த்தாள். எல்லோரும் கதவைப் பார்த்தோம். ரஸ்ஸுக்குக் கழுத்து வரை சிவந்திருந்தது.

"அப்பா கேட்டாரும்மா," என்றான். "ஆஸ்பத்திரியில. வால்மேக்குப் பாதி குடுன்னாரு. குடுத்துட்டேன்."

பாதி. அம்மாவின் உதடு அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. அவள் எடுத்தது ஒரு குவளை. டிவிக்குப் பக்கத்தில் தினமும் துடைத்து, பூ வைத்து, செய்தி முடிந்ததும் குட்நைட் சொல்லிக்கொண்டிருந்த சாடியில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அவள் கணக்குப் போடுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வால்மேயின் கண் நனைந்திருந்தது. சற்று முன்னால் என் முதுகைத் தேய்த்துவிட்ட கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தும் எனக்குக் குமட்டியது, அதுதான் எனக்கு மிகவும் கசந்தது.

போகாக் தொண்டையைச் செருமினார். இந்த மனுஷனுக்கு எப்போது பேசக்கூடாது என்பது பிறவியிலேயே தெரியாது. குடும்ப விஷயம் குடும்பத்தோடு இருக்கட்டும், நாம் ஓட்டுக்குப் போவோம் என்றார். புல் இருக்கட்டும் என்பவர்கள்? மூன்று கைகள் உயர்ந்தன, வால்மேயின் கையும் சேர்த்து. நான் அம்மாவின் கைக்காகக் காத்திருந்தேன். அது டப்பாவின் மேல் கிடந்தது. சரி, கார்பெட் என்பவர்கள்?

மூன்று கைகள். பிறகு, வெள்ளைக் கையுறை போட்ட நான்காவது கை.

"அம்மா," என்றேன்.

"தோண்டிடு நெவில்," என்றாள் அம்மா. ஆட்டத்தில் புள்ளி சொல்லுகிற அதே குரல். "நல்லா ஆழமா. ஆறாம் தடத்துலேர்ந்து ஆரம்பி."

எழுந்து பாவாடை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். ஐஸ்கிரீம் டப்பாவை என் மடியில் வைத்தாள். கதவோரம் ரஸ்ஸைத் தாண்டும்போது மட்டும் ஒரு நொடி நின்றாள்.

"வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் எடுத்துட்டுப் போய் அவகிட்டயே குடு."

ரஸ் அவள் பின்னால் போகவில்லை. அறைக்குள் வந்து, அழுதுகொண்டிருந்த வால்மேயின் தோளில் கை வைத்தான். அது ரொம்ப நாள் பழகிய கை. அது என்ன பழக்கம் என்று கேட்க எனக்கு அப்போது தெம்பில்லை. ஜன்னல் வழியே தரை தெரிந்தது. சாயங்கால வெயிலில் நான் மத்தியானம் ஒட்டவைத்த இடம் எது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகச் சேர்ந்திருந்தது.

டப்பா இன்னும் இறால் நாறியது. அதை எங்கே வைப்பது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.